தேராது தெளிதல்

மட்டக்களப்பு வாவியின் மேல்கரையாகிய படுவான்கரையில், சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்பெறும் மண்டூர்க் கந்தசுவாமி கோயில் விளங்குகின்றது. ஆங்கு வாய்கட்டிப் பூசை நிகழ்த்துதல் மரபு. ஆண்டுத் திருவிழாவின் முடிவில் ஆலாத்தி எடுக்கும் கன்னியர் மயங்கி வீழ்தலும் பின்னர்த் தெளிதலும் அவ்வூரார் அறிந்த காட்சி. மயங்குதல், தெய்வமேறி ஆடுதல், பிறர் காணாதன காண்டல், கேளாதன கேட்டல் ஆகியன ஒன்றல்ல. எனினும் நலமுடைய இளையோரிடத்து இவற்றுள் ஏதேனும் தோன்றின், ஒருசாரார் "தெய்வம்" என்பர். மற்றொரு சாரார் "பித்து" என்பர். இவ்விரண்டனுள் ஒன்றை விரைந்து துணிதற்கு முன், தமிழ்நூல்கள் இப்பொருளை எங்ஙனம் கண்டன என ஆராய்தல் தகும்.

மணிமேகலையின் சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதை, பிழைபட்ட அறிவின் வகை எட்டெனக் கூறும். இப்பியை வெள்ளியெனக் கொள்வது திரியக் கோடல். நடப்பட்ட தறியை ஆராயாது மகனெனத் துணிவது தேராது தெளிதல். முன்னது காட்சியின் பிழை; பின்னது ஆராயாமையின் பிழை. இவ்வேறுபாடு ஈண்டுப் பெரிதும் பயன்படும். ஓர் இளையோன் இல்லாத குரலொன்றைக் கேட்பின் அது திரியக் கோடலாகலாம். அவனைக் கண்ட மூத்தோர் வினவாமலே முடிவு கட்டுவதோ தேராது தெளிதலாம்.

சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் மறவர்குடிச் சாலினி தெய்வமுற்று ஆடுகின்றாள். கண்ணகியைச் சுட்டிப் புகழ்மொழி கூறுகின்றாள். கானவர் வியந்து நிற்க, புகழப்பட்ட கண்ணகியோ, அறிவு முதிர்ந்தவள் மயக்கத்தால் மொழிந்தாள் எனக் கூறிக் கணவன் பின்னே ஒடுங்கி முறுவல் செய்கின்றாள். சாலினியின் சொல் பின்னர் மெய்யாகின்றது. ஆயினும் கண்ணகியின் ஐயத்தை அடிகள் நீக்கினாரல்லர். ஐயுற்றவளும் ஆடியவளை இகழ்ந்தாளல்லள். முதிர்ந்த அறிவினள் என்றே சுட்டினாள். ஐயமும் மதிப்பும் ஒருவாயிற் பிறந்த இவ்விடம் காப்பியத்தின் நுண்ணிய பகுதிகளுள் ஒன்று.

அகப்பாட்டுக்கள் இதனினும் ஒருபடி மேற்செல்லும். தலைவி மெலிகின்றாள், தாய் நோயென அஞ்சுகின்றாள், வேலன் முருகனால் வந்ததென வெறியயர்கின்றான். இருவரும் பிழைபடுகின்றனர். உண்மை அறிந்தவள் தோழி. ஏனெனில் அவளே தலைவியோடு உடனிருந்து அவள் நெஞ்சறிந்தவள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டும் தாயின் கலக்கத்துக்குத் தோழி விடைகூறும் முறையிலேயே அமைந்தது. தெய்வம், நோய் என்னும் இரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வினாவொன்று உண்டென்பதை அப்பாட்டுக்கள் உணர்த்துகின்றன: இவள் நெஞ்சில் நிகழ்ந்தது யாது?

வஞ்சிக் காண்டத்து வரந்தரு காதையை இவ்வளவுகோலால் நோக்குதல் வேண்டும். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்களும் சேடக்குடும்பியின் இளமகளும் நீர் தெளிக்கப்பெற்றவுடன் முற்பிறப்பு உணர்ந்து அரற்றுகின்றனர். வியந்து நோக்கிய செங்குட்டுவனுக்கு மாடலன் உடனே விளக்கந் தருகின்றான், ஐயுறுவார் எவருமிலர். வேட்டுவ வரியின் நுண்மை ஈண்டுக் குறைவே. ஆயினும் அச்சிறுமியர் வாயிற் பிறந்த சொல் யாது என நோக்கின் நெஞ்சு நெகிழும்: அது மகளையும் மகனையும் இழந்த தாயரின் புலம்பல், அடைக்கலங் காத்த மாதரியின் புலம்பல். ஊர் ஆற்றாத துயர் இளையோர் வாயில் ஒலிக்கின்றது.

இஃது ஏட்டளவில் நின்றதன்று. கண்ணகி வழிபாடு வாழும் மட்டக்களப்பில் வைகாசித் திங்களில் கண்ணகி வழக்குரை பாடப்பெறும். அந்நூலை மண்டூர்ப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். 1990களில் அந்நிலத்தில் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலார் பற்றீசியா லோறன்ஸ், போரிற் காணாமற்போனோரின் உறவினர் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரை நாடிச் சென்றதை எழுதியுள்ளார். வெளியே வினவ அஞ்சிய வினாக்கள் கோயில் முன்றிலில் வினவப்பட்டன.

இக்கால உளநூலும் பித்தென்னும் விரைந்த முடிவை ஏற்பதில்லை. 1894இல் இலண்டனில் வெளிவந்த கணக்கெடுப்பொன்று ஏறத்தாழ 17,000 பேரை வினவியது. விழித்திருக்கையில் இல்லாத உருவையோ குரலையோ உணர்ந்ததாகப் பத்தில் ஒருவரளவில் விடையிறுத்தனர். உறக்கமின்மை, உண்ணாநோன்பு, பிரிவுத்துயர், துயிலும் விழிப்பும் கலக்கும் பொழுது ஆகியவற்றால் நலமுடையார்க்கும் இவை தோன்றும். எனினும் குரல்கள் நீடித்து அச்சுறுத்தினும், ஊணையும் உறக்கத்தையும் கல்வியையும் கெடுப்பினும், தன்னைத்தான் ஊறுசெய்ய ஏவினும் மருத்துவரை நாடுதல் கடன். அவ்விடத்துத் தெய்வமெனச் சொல்லிக் காலந்தாழ்த்துவதும் தேராது தெளிதலே.

ஆதலின், கண்டதை வெளியிட்ட மாணவன் நகைக்கப்படுவானாயின், அடுத்தமுறை வாய்திறவான். உதவி வேண்டும் நாளிலும் திறவான். வேலனைப் போல் விரைந்து துணியாது, தோழியைப் போல் உடனிருந்து கேட்டலே சான்றோர் நூல்கள் காட்டும் நெறி. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அந்நெறியே உரியது.