உளவியல் படிப்பு / பள்ளி ஆலோசகர் / அதிகாரம்: சில குறிப்புகள்

1

'கவுன்சிலிங்' என்ற சொல் தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு மனசு சம்பந்தப்பட்ட சொல்லாக அறிமுகமாகவில்லை. 1990-களிலிருந்து அது பொறியியல், மருத்துவ சீட்டுக்கான சொல். "கவுன்சிலிங் போனியா, எந்தக் காலேஜ் கெடச்சுது?" என்றுதான் ஊரில் விசாரிப்பார்கள். ஆசிரியர்களுக்கு அது இடமாறுதல் கலந்தாய்வு. அடிபட்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிற பெண்ணுக்கோ, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் கவுன்சிலிங். இந்த மூன்று புழக்கங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தரவரிசை, காலியிடப் பட்டியல், குடும்பம் ஆகிய எதுவும் அங்கே கேள்விக்கு உள்ளாவதில்லை. வந்தவர்தான் தன்னை அவற்றுக்குள் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் உளவியல் ஆலோசகர் ஒருவரை உட்கார வைக்கும்போது இந்த அர்த்தம் மாறுகிறதா, அல்லது நாலாவதாக ஓர் இடத்துக்குப் பரவுகிறதா? அவசரமாகக் கேட்க வேண்டிய கேள்விதான். விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவி ஒருவர் 2023-இல் இறந்தார். அது தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது. அடுத்த மாதமே பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியில் இனி நடத்தக்கூடாது என்று அறிவித்தது. 2021-இல் இயற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகள் இவை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

ஆக, ஒரு கை 'ஆள் வேண்டும்' என்கிறது. இன்னொரு கை, ஆள் வருகிற கதவுகளில் ஒன்றைச் சாத்துகிறது. இடையில் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: அந்த ஆள் எதைப் படித்துவிட்டு வருகிறார், யாருக்குப் பதில் சொல்லப்போகிறார்?

2

பள்ளிக்கூடமும் உளவியலும் சேர்ந்த கதை அளவுகோலில் இருந்து தொடங்குகிறது. 1905-இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே தயாரித்த சோதனையின் நோக்கம், வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனிக் கவனம் தருவது. அறிவு என்பது மாறாத ஓர் அளவு என்று பேசுவதை அவரே 1909-இல் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதே சோதனை அமெரிக்கா போய், 1916-இல் லூயி டெர்மனின் கையில் 'ஸ்டான்ஃபோர்டு-பினே' ஆனபோது தலைகீழாகிவிட்டது. மெக்சிகர்கள், பூர்வகுடிகள், கறுப்பர்கள் குடும்பங்களில் அறிவுக் குறைவு வழிவழியாக வருவது என்றும், அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் பிரித்து வைக்க வேண்டும் என்றும் டெர்மன் எழுதினார். சோவியத் யூனியன் 1957-இல் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு பயந்துபோய் 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. பள்ளிகளில் சோதனை நடத்தவும், பல்கலைக்கழகங்களில் பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கவும் அதில் பணம் ஒதுக்கப்பட்டது. பள்ளி ஆலோசகர் என்ற தொழில் அங்கே பெருகியது குழந்தையின் துயரத்தால் மட்டுமல்ல. ராக்கெட் செய்யத் தோதான மூளைகளைப் பொறுக்கியெடுக்கவும் அது தேவைப்பட்டது.

இந்தியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தபோது, எந்தப் பிள்ளையை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று சொல்ல வழிகாட்டி தேவைப்பட்டார். 1954-இல் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மத்திய அமைப்பு டெல்லியில் உருவானது. அதே 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் கல்வித் திட்டம் என்ன சொன்னது? அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில். யார் எதற்கு லாயக்கு என்ற கேள்விக்குச் சாதி ஏற்கனவே ஒரு விடை வைத்திருந்தது. அந்த விடையை எந்த உளவியல் சோதனையும் தோற்கடிக்கவில்லை. பெரியார் இயக்கமும் தெருப் போராட்டமும்தான் 1954-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட வைத்தன. நம் ஊரில் 'தொழில் வழிகாட்டல்' அரசியலாகத்தான் தீர்க்கப்பட்டது என்பதை உளவியல் துறைகள் தங்கள் வரலாற்றுப் பாடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உளவியல் என்றாலே ஆளும் தரப்பின் கருவிதானா? அதே 1954-இல் நடந்த இன்னொன்று இதை மறுக்கிறது. மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் இணை, கறுப்புக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் கொடுத்து 'எது நல்ல பொம்மை?' என்று கேட்டார்கள். பல குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. டெர்மனாக இருந்தால் அந்தக் குழந்தைகளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். கிளார்க் இணை, குழந்தைகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்த சமூகத்தைப் பற்றி முடிவுக்கு வந்தது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கென்னத் கிளார்க்கின் ஆய்வை அடிக்குறிப்பில் சுட்டியது. அந்த ஆய்வின் முறையியல் மீது பின்னாளில் விமர்சனங்கள் வந்தன. அது வேறு விஷயம். நமக்கு முக்கியம் இதுதான்: இரண்டு பேரும் குழந்தையைத்தான் கேட்டார்கள். ஒருவர் பதிலை வைத்துக் குழந்தையை எடைபோட்டார், மற்றவர் பள்ளிக்கூடத்தை எடைபோட்டார்.

3

நம் பல்கலைக்கழகங்களில் உளவியல் முதுகலை படிக்கிற ஒருவருக்கு இந்த இரண்டில் எது கற்றுத்தரப்படுகிறது? ஆளுமைக் கோட்பாடுகள், புள்ளியியல், உளவியல் சோதனை, பிறழ்நிலை உளவியல், ஆலோசனை நுட்பங்கள் என்று தாள்கள் போகின்றன. பாடப் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. 'முற்சாய்வு' என்ற அத்தியாயத்தில் வெள்ளையர்/கறுப்பர் வருவார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற பாதை வராது. கிளார்க் பொம்மைகளைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு, அதே கேள்வியை ஒரு ஆதிதிராவிடர் நல விடுதியில் எப்படிக் கேட்பது என்று யோசிக்காமலேயே பட்டம் வாங்கிவிட முடியும்.

மொழிச் சிக்கல் இதைவிட ஆழமானது. ஒரு பிள்ளை ஆலோசகர் முன்னால் வந்து உட்கார்ந்து, "கேவலப்படுத்திட்டாங்க மிஸ்" என்று சொல்கிறது. கேஸ் ரெக்கார்டில் இது ஆங்கிலத்தில் 'லோ செல்ஃப் எஸ்டீம்' என்று பதிவாகிறது. தமிழில் 'தன்மதிப்புக் குறைவு'. கவனியுங்கள்: பிள்ளை சொன்ன வாக்கியத்தில் ஓர் எழுவாய் இருக்கிறது. 'அவங்க' யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அந்த எழுவாய் காணாமல் போய்விட்டது. செயல் குணமாகிவிட்டது, செய்தவர்கள் மறைந்து, குறை பிள்ளைக்குள் குடியேறிவிட்டது. 'மானம் போச்சு', 'ஒதுக்குறாங்க', 'சொல்லிக் காமிக்கிறாங்க' என்பதெல்லாம் சொல்லாடலாக மாறும்போது இப்படித்தான் ஆகின்றன. 'பரீட்சை என்பது ஒவ்வொரு தனியரையும் ஒரு கேஸாக மாற்றுகிறது' என்ற பொருளில் ஃபூக்கோ 1975-இல் எழுதியதை நாம் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த மாற்றம் நடக்கிற இலக்கணத்தை ஒரு சாதாரணத் தமிழ் வாக்கியத்திலேயே பார்க்க முடிகிறது.

4

2023 ஆகஸ்டு, நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். காரணம், கூடப் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொடர்ந்த சீண்டல். விஷயம் பள்ளிக்குத் தெரிந்து புகாரான பிறகு, அவரது வீடு புகுந்து அரிவாளால் வெட்டுகிறார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுகிறது.

இதைப் பாடப் புத்தகத்தை வைத்து வாசித்துப் பார்க்கலாம். பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைக்கு 'பள்ளி மறுப்பு' என்று ஒரு தலைப்பு உண்டு. பதற்றம், பெற்றோரைப் பிரிய முடியாமை, படிப்படியாக மறுபடி பள்ளிக்குப் பழக்குதல் எல்லாம் அதில் வரும். பயிற்சி பெற்ற நல்ல ஆலோசகர் கொடுமைப்படுத்தலைப் பற்றியும் விசாரிப்பார், உண்மைதான். ஆனால் 'கொடுமைப்படுத்தல்' என்ற சொல்லுக்குள்ளும் சாதி இல்லை. அதற்குப் பலசாலிப் பையன், பலவீனமான பையன் என்ற இரண்டு பேர் போதும். நாங்குநேரியில் அந்த மாணவரின் அச்சம் நோய்க்குறி அல்ல. நடக்கப்போவதைப் பற்றிய துல்லியமான அறிவு. அவரைப் 'படிப்படியாகப் பழக்கி' வகுப்புக்குத் திருப்பி அனுப்புவது எங்கே அனுப்புவது? அவர் 2024-இல் பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறை எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு என்ன செய்வது? 'கோப மேலாண்மை' வகுப்பா? சாதிக் கோபம் ஒரு பையனுக்குள் தானாக ஊறுவதில்லை. கையில் கட்டும் கயிறு, ஊர்ப் பேனர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், வீட்டுப் பேச்சு, சில நேரம் ஆசிரியர் அறைப் பேச்சு என்று அது ஒழுங்காகப் பயிற்றுவிக்கப்படுகிறது. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை இதை ஓரளவு பார்த்தது. சாதிக் கயிறு, பள்ளிப் பெயர்களில் சாதி பற்றியெல்லாம் பேசியதோடு, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமிக்கவும் பரிந்துரைத்தது. ராகிங், போதை, பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டையும் அவர் கவனிக்க வேண்டும். பதவிப் பெயரில் 'நலம்' இருந்தாலும், பார்வை பிள்ளையிடமிருந்து பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்புகிறது. உளவியல் பாடத்திட்டங்கள் இந்த அறிக்கையைப் பாடமாக வைக்க வேண்டியது இதனால்தான்.

5

"இதெல்லாம் சரிங்க. ஆனா சாகப்போறேன்னு சொல்ற பிள்ளைகிட்ட இன்னைக்கு யாராவது உக்காந்து பேசணுமில்ல? அமைப்பு மாறுற வரைக்கும் அது காத்திருக்குமா?" என்று கேட்கலாம். காத்திருக்காது. பேசத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பது உயிர்காக்கும் விஷயம். அதனால்தான் யார் அந்த ஒருவர் என்று கேட்கிறோம்.

தொலைநிலைக் கல்வியை மூடியதற்குச் சொல்லப்படும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. மேற்பார்வையோடு களப்பயிற்சி பெறாமல், வீட்டில் இருந்தபடி பரீட்சை மட்டும் எழுதிவிட்டு வந்தவரை நெருக்கடியில் இருக்கும் பிள்ளை முன் உட்கார வைப்பது ஆபத்து. ஆனால் அந்த வழியாகப் படித்தவர்கள் யார்? வேலையில் இருக்கும் ஆசிரியர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள், பகல் கல்லூரிக்கு நேரமோ பணமோ இல்லாதவர்கள். கதவை மூடிவிட்டு மாற்று வழி திறக்காவிட்டால், மீதி இருப்பது நகரத்துத் தனியார் கல்லூரிகளின் ஆங்கில வகுப்பறை. அங்கிருந்து வரும் ஆலோசகர் முன்னால், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை 'மனசு ஒரு மாதிரியா இருக்கு' என்று சொன்னால், எவ்வளவு தூரம் கேட்கும்?

அரசுத் தமிழில் ஆலோசகருக்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்று ஒரு பெயர் உண்டு. ஆற்றுப்படையில் வழிசொல்கிற பாணன் தானும் அதே பசியோடு அதே வழியில் நடந்தவன். இந்த அர்த்தம் நமக்கு வேண்டும். ஆனால் அந்த வழி கடைசியில் வள்ளலின் வாசலில்தான் போய் முடிகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளி ஆலோசகருக்குச் சம்பளம் தருகிற வள்ளல், பள்ளி நிர்வாகம். போக்சோ சட்டம் (2012) 19-ஆம் பிரிவின்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் அதைப் போலீசுக்குத் தெரிவிப்பது எவருக்கும் கடமை. "ஸ்கூல் பேரு கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பாத்துக்கலாம்" என்று தாளாளர் சொல்கிற நிமிஷத்தில், ஆலோசகர் யாருடைய ஆள் என்பது தெரிந்துவிடும். எந்த நுட்பத் தாளும் அந்த நிமிஷத்துக்கு அவரைத் தயார் செய்வதில்லை.

பார்வையை மேல்நோக்கித் திருப்ப முடியும் என்பதற்கு இங்கேயே ஒரு சான்று உண்டு. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெற்றோருக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு வந்த தன்பால் இணை ஒன்றின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு, தனக்கே இது புரியவில்லை என்று சொல்லி, தானே ஓர் உளவியலாளர் முன்னால் போய் உட்கார்ந்தார். மாற்று சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் கொடுமைக்குத் தடை விதித்த உத்தரவு அதன் பிறகு வந்தது. கவுன்சிலிங் தேவைப்பட்டது அதிகாரத்தில் இருந்தவருக்கு! ஒரு தலைமையாசிரியரை, ஒரு சாதிப் பெருமை வாத்தியாரை, ஒரு தாளாளரை இப்படி உட்கார வைக்கிற பள்ளி ஆலோசகரை நம்மால் கற்பனை செய்ய முடிகிறதா?

6

விவாதத்துக்காகச் சில முன்வைப்புகள்:

ஒன்று: ஆலோசகரின் நியமனமும் சம்பளமும் மாறுதலும் அந்தந்தப் பள்ளி நிர்வாகத்தின் கையில் இருக்கக்கூடாது. 100 என்ற எண்ணிக்கைக்குக் கீழே இருக்கும் சின்னக் கிராமப் பள்ளிகளுக்கு வெளியே கைகாட்டும் ஏற்பாடு போதும் என்பதையும் ஏற்க முடியாது. ஒன்றிய அளவில் ஆள் வேண்டும்.

இரண்டு: பிள்ளையைப் பற்றிய குறிப்பு பிள்ளையின் சொல்லில், தமிழில் எழுதப்பட வேண்டும். அதோடு பள்ளியைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். என்ன வகைப் புகார்கள், எத்தனை, என்ன நடவடிக்கை என்று பெயர் குறிப்பிடாமல் ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கும் போகட்டும்.

மூன்று: முதுகலைப் பாடத்திட்டத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989), கல்வி உரிமைச் சட்டம் (2009), போக்சோ, சந்துரு குழு அறிக்கை ஆகியவை தேர்வுத் தாளாக இருக்க வேண்டும். களப்பயிற்சியில் ஒரு பகுதியாவது அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நல விடுதியிலும் நடக்க வேண்டும்.

நான்கு: தொலைநிலைக் கதவை மூடிய அரசு, அரசுக் கல்லூரிகளில் மேற்பார்வையுள்ள களப்பயிற்சியோடு மாலை வகுப்புகளைத் திறக்க வேண்டும், இடஒதுக்கீட்டோடு, தமிழ் வழியிலும்.

பாடத்திட்டக் குழுக் கூட்டங்களை நாம் யாரும் போராட்டக் களமாக நினைப்பதில்லை. ஆசிரியர் சங்கங்களும் தலித் மாணவர் அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் நீட் எதிர்ப்பில் தெருவுக்கு வந்தன. பத்துப் பேராசிரியர்கள் மூடிய அறையில் உட்கார்ந்து, 'கேவலப்படுத்திட்டாங்க' என்பதை எந்தச் சொல்லால் பெயர்ப்பது என்று தீர்மானிக்கிற இடத்திலும் இவர்களுக்கு வேலை இருக்கிறது.