பாட்டரின் கணக்கும் வானதூதரின் கணக்கும்

1946-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் நியூயார்க் நகரின் குளோப் திரையரங்கில் முதன்முறையாகத் திரையிடப்பட்ட ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அன்று பெற்ற வரவேற்பு பெரிதாகச் சொல்லத்தக்கதன்று. ஐந்து ஆஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன. கிடைத்த விருதோ செயற்கைப் பனி பொழிவிக்கும் புதிய நுட்பத்திற்கான ஒரு தொழில்நுட்பச் சிறப்புப் பரிசு மட்டுமே! அதனை வெளியிட்ட நிறுவனத்திற்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் நட்டம். இயக்குநர் ஃபிராங்க் காப்ரா சிசிலித் தீவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவில் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தவர். கதாநாயகனாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போர் விமானியாகப் பணியாற்றித் திரும்பியபின் நடித்த முதற்படம் இது. 1974-இல் இதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் விடுபட்டது. கட்டணமின்றிக் கிடைத்த படத்தைத் தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒளிபரப்பின. கைவிடப்பட்ட படம் ஒரு நாட்டின் வீட்டு வழிபாடு போலாயிற்று. 1995-இல், திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட நாற்பத்தைந்து படங்களின் பட்டியலில், மனித விழுமியங்கள் என்னும் பிரிவில் இதுவும் இடம்பெற்றது.

இப்படத்தை மக்கள் எவ்வாறு கண்டனர், எதற்காக அழுதனர், எதற்காகச் சினந்தனர் என்பதே இங்கு நமது ஆய்வு. ஒரு கலைப்படைப்பின் பொருளில் பாதி அதனைக் கண்டோரின் கண்ணீரில் இருக்கிறது. அக்கண்ணீர் சில வேளைகளில் வேறிடத்தில் விழுந்துவிடுவதும் உண்டு.

கதையை அறியாதோர்க்காகச் சுருங்கக் கூறுவோம். ஜார்ஜ் பெய்லி என்பவன் பெட்ஃபோர்டு ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவன். உலகம் சுற்ற வேண்டும், பெரும் பாலங்களும் மாடங்களும் கட்ட வேண்டும் என்பன அவன் கனவுகள். தந்தை இறக்கிறார். ஏழை எளியோர்க்கு வீடு கட்டக் கடன் தரும் அவரது சிறு நிதிச் சங்கம், ஊரையே விழுங்கத் துடிக்கும் பாட்டர் என்னும் செல்வனின் கைக்குப் போய்விடாதிருக்க, ஜார்ஜ் ஊரிலேயே தங்கிவிடுகிறான். கல்லூரிக்குத் தம்பி செல்கிறான். திருமண நாளன்று மக்கள் அஞ்சித் தம் சேமிப்பைத் திரும்பக் கேட்டுத் திரண்டபோது, தேனிலவுக்கென வைத்திருந்த 2,000 டாலரை எடுத்து அவர்களுக்கே பகிர்ந்தளிக்கிறான். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள், சங்கத்தின் 8,000 டாலர் தொலைகிறது. அப்பணம் பாட்டரின் கையில் சிக்கியதும், அவர் அதனை மறைத்துக்கொண்டதும் நமக்குத் தெரியும், ஜார்ஜுக்குத் தெரியாது. சிறையும் அவமானமும் கண்முன் நிற்க, உயிரை மாய்க்க ஆற்றுப் பாலத்தில் வந்து நிற்கிறான். கிளாரன்ஸ் என்னும் வானதூதர் தடுத்தாட்கொண்டு, அவன் பிறந்தேயிராவிடில் அவ்வூர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார். அவன் மனம் திரும்பி வீட்டுக்கு ஓடுகிறான். ஊரார் கூடை நிறையப் பணம் கொணர்ந்து கொட்டுகின்றனர்.

பார்வையாளர் அழுவது அந்தக் கூடையைக் கண்டு. இப்படம் மட்டுமீறிய உணர்ச்சியைத் தூண்டுகிறது என்று அன்றைய நியூயார்க் திறனாய்வாளர் சிலர் குறை கூறியதற்கும் அக்கூடையே முதற்காரணமாயிற்று. நல்லவனுக்கு இறுதியில் பணம் கிடைத்துவிடும் என்று கூறும் படம் என ஒரு சாரார் மகிழ்ந்தனர். மறுசாரார் அதையே ஏளனம் செய்தனர். இருசாராரும் காட்சிகளின் வரிசையைக் கவனிக்கவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். பாலத்தின்மீது ஜார்ஜ் இறைவனிடம் கேட்டது பணத்தையன்று. தனக்கு என்ன நேர்ந்தாலும் கவலையில்லை, மீண்டும் வாழ்ந்தால் போதும் என்று மன்றாடுகிறான். உடனே பனி பெய்யத் தொடங்குகிறது. வீட்டில் தணிக்கையாளரும் கைது ஆணையுடன் காவல் அதிகாரியும் காத்திருக்கின்றனர். தான் சிறைக்குப் போவதையே ஏதோ நல்ல செய்திபோல் அவன் அவர்களிடம் கூவி மகிழ்கிறான்! பணக்கூடை இன்னும் வந்து சேரவில்லை. வரும் என்ற எண்ணமும் அவனுக்கில்லை. அருள் முதலில் வந்துவிட்டது. பணம் பின்னால் வருகிறது. கூடையைக் கத்தரித்து எறிந்துவிட்டாலும் படத்தின் மீட்பு குறைவுபடாது. காப்ரா அவ்வாறு செய்திருந்தால் திரையரங்குகள் இன்னும் வெறிச்சோடியிருக்கும் என்பது வேறு செய்தி.

இரண்டாவது எதிரொலி பாட்டரைப் பற்றியது. திருடிய 8,000 டாலரை அவர் வைத்துக்கொண்டே இருக்கிறார். பிடிபடவில்லை, தண்டிக்கப்படவில்லை. இதனைப் பொறுக்கமாட்டாத பார்வையாளர் காப்ராவுக்கு எழுதிக் குவித்தனர். நாற்பதாண்டுகள் கழிந்தும் அச்சினம் தணியவில்லை. 1986-இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஊரார் திரண்டு சென்று பாட்டரை அடித்து நொறுக்குவதாக ஒரு நகைச்சுவை முடிவையே நடித்துக் காட்டியது. மக்கள் சிரித்தனர், உள்ளூர நிம்மதியும் அடைந்திருப்பர். அக்கால ஹாலிவுட் படங்களுக்கென வகுக்கப்பட்ட ஒழுக்க நெறித்தொகுப்பை 1930-இல் எழுதிய இருவருள் ஒருவர் டேனியல் லார்டு என்னும் இயேசு சபைக் குரு. மற்றவர் கத்தோலிக்கப் பொதுநிலையினர். அத்தொகுப்பின் நிழலில் தீயவன் இறுதியில் தண்டனை பெறுவது திரைமரபாயிற்று. அந்த மரபுக்குத் தப்பிய இந்தப் படம் நற்செய்திக்கு இன்னும் நெருங்கி நிற்கிறது என்பது நம் கருத்து. கோதுமையும் களையும் அறுவடைமட்டும் சேர்ந்தே வளரட்டும் என்று விட்ட நிலக்கிழாரின் உவமையைக் கேட்ட பணியாளர்களும் நம் பார்வையாளர்களைப் போலவே முகம் சுளித்திருப்பார்கள். ஜார்ஜோ வீட்டுக்கு ஓடும் வழியில் பாட்டரின் சாளரத்தைத் தட்டிக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துக் கூறிவிட்டுப் போகிறான்.

வேறு எதிரொலிகளும் உள. 1947-இல் அமெரிக்க உளவுத்துறையின் குறிப்பொன்று, வங்கி முதலாளியை இழிவாகக் காட்டுவது பொதுவுடைமையாளரின் உத்தி என்று இப்படத்தை ஐயுற்றது. ஏழைக்கு வீடு வேண்டும் என்றாலே சிவப்புச் சாயம் பூசிவிடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும். 2008-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் வந்த கட்டுரையொன்று, ஜார்ஜ் இல்லாத ஊரே கேளிக்கைகள் மிகுந்து கலகலப்பாக இருக்கிறதே என்று கேட்டது. அது கெட்டிக்காரத்தனமான கேள்வி, அதற்குமேல் ஒன்றுமில்லை.

மறைக்கல்வி நோக்கில் ஒரு சிறு திருத்தம் கூறிவிட வேண்டும். கிளாரன்ஸ் முன்னொரு காலத்தில் மண்ணில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவராம். இறந்து வானதூதராகி, நற்செயல் புரிந்து சிறகு பெறக் காத்திருக்கிறாராம். மனிதர் இறந்து வானதூதராவதில்லை. திருச்சபை அவ்வாறு கற்பிப்பதில்லை. குழந்தைகளுக்கு இப்படத்தைக் காட்டும் பெற்றோர் இதனைத் தெளிவுபடுத்துவது நலம். இன்னொரு குறையும் உண்டு. ஜார்ஜ் பிறவாத உலகில் அவன் மனைவி மேரி திருமணமின்றி நூலகப் பணியாளராக இருப்பதைப் பேரவலம் போல் காட்டுகிறார் காப்ரா. அருட்கன்னியரிடம் கல்வி கற்ற நம் இல்லங்களில் அக்காட்சிக்கு அச்சத்தைவிடச் சிரிப்பே மிகுதியாக எழும்.

இனி, நம்மை உண்மையாகவே உறுத்தும் இடத்திற்கு வருவோம். கடன் கேட்டு வந்த ஜார்ஜிடம் ஈடு என்ன உண்டு என்று பாட்டர் வினவுகிறார். 15,000 டாலருக்கான ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஒன்றே இருக்கிறது. அதில் இன்று தேறுவது 500 டாலர். அப்படியானால் நீ உயிரோடிருப்பதைவிடச் செத்தால்தான் மதிப்பு அதிகம் என்கிறார் பாட்டர். அந்தக் கணக்கே அவனைப் பாலத்திற்கு அனுப்புகிறது. 1946-இல் அக்காட்சியைக் கண்ட கத்தோலிக்கர் நெஞ்சம் எப்படிப் பதைத்திருக்கும் என்பதை இன்றைய தலைமுறை அறியாது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெளிந்த மனத்துடன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அச்செயலைப் பெரும் தவறென்றே கூறினாலும், மன நோயும் கடுந்துயரும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது.

பாட்டரின் கணக்குக்கு வானதூதர் தரும் மறுமொழி என்ன? அதுவும் ஒரு கணக்குதான்! நீ இல்லையேல் பனிக்குளத்தில் விழுந்த உன் தம்பி ஒன்பது வயதில் மாண்டிருப்பான். போரில் அவன் காப்பாற்றிய வீரர்கள் கடலில் மாண்டிருப்பார்கள். மருந்துக் கடைக்காரர் துயரத்தில் நஞ்சைக் கலந்து கொடுத்துச் சிறை சென்றிருப்பார். டாலருக்குப் பதில் உயிர்களையும் நன்மைகளையும் கூட்டிச் சொல்கிறார் கிளாரன்ஸ். பேரேடு மாறியது, கூட்டல் மாறவில்லை. ‘என்னாலும் இத்தனை பேருக்குப் பயன் உண்டு’ என்று ஆறுதல் பெற்றுத் திரையரங்கை விட்டு வெளியேறுகிறான் பார்வையாளன். யாரையும் குளத்திலிருந்து தூக்கியறியாதவன், பத்தாண்டுகளாய்ப் படுக்கையில் கிடப்பவள், மனம் பிறழ்ந்தவன், தேர்வில் தோற்று அறைக்கதவை அடைத்துக்கொண்ட மாணவன் ஆகியோருக்கு அந்தப் பேரேட்டில் எழுத என்ன இருக்கிறது? ‘நான் இருந்து என்ன சாமி பயன்?’ என்று நோயாளிகள் கேட்கும்போது, உங்களால் விளைந்த நன்மைகள் இவை என்று பட்டியலிடுவது ஒரு குருவுக்கு எளிது. அப்பட்டியல் சில வரிகளிலேயே தீர்ந்துபோவதும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு 24-ஆம் எண்ணில் மனிதனைக் குறித்துச் சொல்வதோ வேறு: மண்ணுலகில் இறைவன் அவனுக்காகவே விரும்பிப் படைத்த ஒரே படைப்பு அவன் என்கிறது. பயன் கருதி இறைவன் நம்மைப் படைக்கவில்லை. பயன் தீர்ந்தது என்று கைவிடப்போவதுமில்லை.

இக்குறையுடனேயே படத்தை மூடிவிடலாமா என்றால், ஒருவர் குறுக்கே நிற்கிறார். அவர் ஜார்ஜின் சிற்றப்பா பில்லி. பார்வையாளர் அவரைக் கண்டு சிரிக்கின்றனர், பணம் தொலைந்ததும் எரிச்சலடைகின்றனர், பின்பு மறந்துவிடுகின்றனர். மறதிக்கு மருந்தாக விரல்களில் நூல் கட்டிக்கொள்ளும் கிழவர். பயன் என்னும் கணக்கில் அவருக்குக் கழித்தல் மட்டுமே உண்டு. 8,000 டாலரைச் செய்தித்தாளுக்குள் மடித்துப் பாட்டரின் கையிலேயே கொடுத்தவர் அவர்தாம். அவரை அப்பணியில் முதலில் வைத்திருந்தவர் ஜார்ஜின் தந்தை, பிறகு ஜார்ஜ். ஜார்ஜ் பிறவாத உலகில் அவர் மனநோயாளர் விடுதியில் அடைபட்டிருப்பதாகத் தாயின் வாய்வழி ஒரு வரியில் கேள்விப்படுகிறோம். அவரால் யாருக்கு என்ன நன்மை என்று கிளாரன்ஸ் கணக்கிட்டுக் காட்டவில்லை.

பணம் தொலைந்த அன்று ஜார்ஜ் அவரைச் சட்டையைப் பற்றி உலுக்குகிறான். நம்மில் ஒருவர் சிறைக்குப் போக வேண்டும், அது நானல்லன் என்று கத்துகிறான். கொடுமையான காட்சி. ஆனால் அடுத்துப் பாட்டரின் முன் நிற்கையில், பணத்தைத் தொலைத்தவன் நானே என்கிறான். சிற்றப்பாவின் பெயர் அவன் வாயில் வரவில்லை. உண்மையை அறிந்த பாட்டருக்கே அது வியப்பாயிருக்கிறது. பிறர் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட அந்த ஒரு நொடியை வானதூதரும் பின்னர்க் குறிப்பிடவில்லை. திரையரங்கில் யாரும் அழுவதுமில்லை. நம் பார்வையில் படத்தின் உயிர்நிலை அதுவே. எதற்கும் உதவாதவர் என்று ஊர் முடிவு செய்த ஒருவரை, உதவுவார் என்ற எண்ணமே இல்லாமல் அந்த வீடு தன்னோடு வைத்துக்கொள்கிறது.

இறுதிக் காட்சியில் பணக்கூடையைச் சுமந்துகொண்டு கதவைத் திறந்து முதலில் உள்ளே வருபவர் யார் என்று, இப்படத்தைப் பலமுறை கண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மேரி என்பர் சிலர். நண்பர்கள் என்பர் சிலர். மேரி ஊரெல்லாம் சொல்லி உதவி திரட்டியவள் என்பது மெய்தான். ஆனால் மூச்சிரைக்க உள்ளே நுழைந்து, இதையெல்லாம் செய்தவள் மேரிதான் என்று அறிவித்துக்கொண்டே கூடையை மேசைமேல் கவிழ்ப்பவர் பில்லி.