மானுக்குப் பிணையும் வாப்பாவின் துவக்கும்

மௌத்தான வாப்பாமாரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் நமது சஞ்சிகைகளிலும் மலர்களிலும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் கிழக்கிலிருந்து எழுதப்படும் வேட்டை நினைவுகள் தனியொரு வகை எனலாம். இருட்டு, பரண், துவக்கு, வாப்பாவின் குறி தப்பாத கை, விளக்கொளியில் மின்னும் மானின் கண்கள், கடைசியில் ஏதோவொரு மான் அவர் மனதை உலுக்க அவர் துவக்கைக் கீழே வைத்துவிடுவது என்று இவற்றுக்கென ஓர் அச்சே உருவாகிவிட்டது. இந்த அச்சைக் குறைகூற எனக்கு உரிமை உண்டோ இல்லையோ, பொறுப்பு உண்டு. 2003இல் எங்கள் வாப்பா மௌத்தான பின் ஒரு மலருக்கு நானும் அப்படியொன்றை எழுதினேன். பலரும் பாராட்டிய அக்கட்டுரையின் முடிவு பொய்.

நடந்தது இதுதான். 1978 நவம்பர் சூறாவளிக்கு முந்திய வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. வேளாண்மை பொய்த்த போகம். எங்கள் வட்டை ஊருக்கு மேற்கே காட்டோரத்தில் இருந்தது. பன்றிக் காவலுக்கென வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கோடு வாப்பா குளக்கரையில் பதுங்கியிருந்தார். டோர்ச்சைப் பிடித்திருந்தவன் நான். வெடி தீர்ந்ததும் ஓடிப்போய், உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார். பிறகு உரிக்கையில் மடியில் கத்தி பட்டது. இரத்தத்தோடு பாலும் வடிந்தது. வாப்பா சிறிது நேரம் கத்தியை எடுக்கவில்லை.

"உம்மாட்டச் சொல்லாதடா மனெ. கிடா மானெண்டு சொல்லு" என்றார்.

அப்படியே சொன்னேன். இறைச்சியில் பாதியை உம்மா உப்பிட்டு வெயிலில் காயவைத்தார். மீதி, நாங்கள் கடன்பட்டிருந்த கடைக்குப் போனது. வனசீவராசிகளைப் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்போதும் இருந்தது. இறைச்சியை அப்படிக் கைமாற்றுவது குற்றம் என்பது வாப்பாவுக்கும் கடைக்காரருக்கும் தெரியும்.

அந்த இரவுக்குப் பின் வாப்பா துவக்கைத் தொடவேயில்லை என்று மலரில் எழுதியிருந்தேன். உண்மையில் அடுத்த கிழமையே போனார். அதன் பிறகும் ஏழெட்டு வருடங்கள் போனார். அவரை நிறுத்தியது யுத்தம். எண்பதுகளின் நடுவில் காட்டுப்பக்கம் போவது உயிராபத்தாயிற்று. 1990க்குப் பின் சொந்த வட்டையையே எட்டிப்பார்க்க முடியாத காலமும் வந்தது.

ஏன் அப்படி எழுதினேன் என்று தேடிப்போனபோது சீறாப்புராணத்தில் வந்து நின்றேன். உமறுப்புலவரின் அக்காவியத்தில், நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' நம்மவர்கள் நன்கறிந்தது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. போன மான் திரும்பாது என்பது வேடனின் எண்ணம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணையாகிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. வேடன் ஈமான் கொள்கிறான். இந்நிகழ்ச்சி பற்றிய அறிவிப்புகள் பலவீனமானவை என்று ஹதீஸ்கலை அறிஞர் பலர் கூறியுள்ளனர். நான் இங்கு இதனைக் காவியமாக மட்டுமே வைத்துப் பேசுகிறேன்.

பழந்தமிழில் 'பிணை' என்பது பெண்மானையும் குறிக்கும். பொறுப்பேற்பதும் பிணைதான். தலைப்பிலேயே இரு பொருளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இப்படலத்தை விதந்துரைப்போர் மானின் தாய்மையையும் நாயகத்தின் கருணையையும் விரித்துப் பேசுவர். வேடன் அவர்களுக்கு உருக்கப்பட வேண்டிய கல்நெஞ்சன் மட்டுமே. ஆனால் படலத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். மான் திரும்பி வந்த பின்னரே வேடன் நம்பிக்கை கொள்கிறான். அதற்கு முன்னமே, கைக்கு வந்த இரையை ஒரு மனிதரின் சொல்லை ஏற்று விட இணங்கிவிடுகிறான். அப்போது அவன் எந்த அற்புதத்தையும் கண்டிருக்கவில்லை. இழப்பதற்கு அவனிடம் இருந்ததோ அந்த ஒரு மான். கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

இந்த வாசிப்புக்கு நான் வாப்பாவுக்கே கடன்பட்டிருக்கிறேன். எங்கள் மூத்தவாப்பா மஃரிபுக்குப் பின் திண்ணையில் சீறா படிப்பார். ஒருமுறை இந்தப் படலம் முடிந்ததும் வாப்பா கேட்டார்:

"அண்டு ராவைக்கு அந்த வேடன்ட புள்ளைகள் என்னத்தத் திண்டிருக்கும்?"

மூத்தவாப்பா ஒன்றும் பேசாமல் கிதாபை மூடிவிட்டார். வாப்பா மரியாதையில்லாமல் பேசிவிட்டாரே என்று அன்று வெட்கப்பட்டேன். அந்தப் படலத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் சிறந்தது அதுவே என்று இன்று நினைக்கிறேன்.

இதே கேள்வியை வேறொரு நூலும் எழுப்புகிறது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் எழுதி 1913இல் வெளிவந்த 'த விலேஜ் இன் த ஜங்கிள்' நாவலில் சிலிந்து என்றொரு வேடன் வருகிறான். அவனும் ஒரு தகப்பன். அவன் மகள் ஹின்னிஹாமி தன் பிள்ளையோடு ஒரு மான்குட்டிக்கும் பாலூட்டி வளர்க்கிறாள். ஊரார் அந்த மானைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். கடனும் அதிகாரமும் துரத்தத் துரத்த, சிலிந்து கடைசியில் மனிதரையே சுடுகிறான். சீறாவில் மானுக்குப் பிணை நிற்க ஒருவர் வந்தார். வூல்ஃபின் காட்டில் வேடனுக்குப் பிணை நிற்க எவருமில்லை.

நம் வாப்பாமார் இந்த இரண்டு வேடர்களுக்கும் இடையில் வாழ்ந்தவர்கள். நான் செய்த தவறு, காவியத்தின் முடிவைக் கடன் வாங்கி வாப்பாவின் தலையில் வைத்ததுதான். திருந்திய வேடனாக அவரைக் காட்டினால் அவர் உயர்வார் என்று எண்ணினேன். அதனால் போகம் பொய்த்தது, கடைக் கடன், வட்டையை இழந்தது எல்லாம் கட்டுரைக்கு வெளியே போயின. பால் வடிந்ததைக் கண்டும் அடுத்த கிழமை போக வேண்டியிருந்த ஒருவரின் மனமும் அவற்றோடு போயிற்று. வீரக்கதையாக எழுதுவோர் மானை மறைக்கிறார்கள். மனமாற்றக் கதையாக எழுதுவோர் பசியை மறைக்கிறார்கள். இரண்டையும் ஒரே பந்தியில் வைக்க இயலாத நினைவுக் கட்டுரை கத்தம் ஓதுவதற்கு உதவலாம், இலக்கியமாகாது.

அண்மையில் பழைய மலரை எடுத்துக் கடைசிப் பந்தியை அடித்துவிட்டு, மடியில் கத்தி பட்டதிலிருந்து திரும்ப எழுதினேன். உம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆக்கின எனக்குத் தெரியாதா மனெ? நீங்க ரெண்டு பேரும் கிடா எண்டீங்க. நானும் சரியெண்டு இருந்தன்."