பூந்திக் கரண்டியில் இறங்கிய சூரியன்

2019 டிசம்பர் 26. அரையாண்டு விடுமுறை. ஆனாலும் காலை எட்டு மணிக்கே எங்கள் பள்ளி மைதானத்தில் அறுபது பிள்ளைகள்! கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி என்று நம்மூர் வழியாகவே போகிறதென்றால் வீட்டில் இருக்க முடியுமா? 'கிரகணத்தில் வெளியே போகாதே' என்று பாட்டிமார் தடுத்தும் ஓடி வந்த பிள்ளைகள் அவர்கள்.

கிரகணக் கண்ணாடி இருபதுதான் இருந்தது. வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்தாள். ஊசித்துளைக் கேமரா பாடம் நடத்தியதை மனதில் வைத்து, அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்! வெயிலில் பிடித்து, ஏற்றி இறக்கி, ஓர் உயரத்தில் நிறுத்தினாள். சிமெண்ட் தரையில் கண்ணுக்கு ஒன்றாகப் பிறைச் சூரியன்கள். மணி 9.30-ஐத் தாண்டியதும் பிறைகளின் முனைகள் மெல்ல நீண்டு, தொட்டு, அத்தனையும் வளையமாகிவிட்டன.

"சார், வளையல் சார்! தரையெல்லாம் வளையல்!"

வேப்பமரத்தடிக்கு ஓடினோம். இலை இடுக்குகள் வழியே அங்கேயும் வளையங்கள். பிள்ளைகளின் சட்டையில், கன்னத்தில், என் உள்ளங்கையில். நிலா அன்று பூமியைவிட்டுச் சற்றே தள்ளி இருந்தது. சூரியனை முழுக்க மூட அதற்கு அளவு பற்றவில்லை. கரும்பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்து காட்டியதை அந்த மூன்று நிமிடம் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிட்டது. முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், அப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் என்னை விடுவார்களா? ஏப்ரல் மூன்றாம் வாரம் நிழலில்லா நாளுக்குத் தேதி பார்த்து, வீட்டு டம்ளர்களோடு நடுப்பகலில் வந்து நின்றார்கள். 12.18 வாக்கில் டம்ளரின் நிழல் அதன் அடிக்குள் போய் ஒளிந்ததும் கைதட்டல்!

ஒருமுறை ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை அண்ணாந்து பார்த்தவர்களிடம், "இங்கே இருக்கிற 1 மீட்டர் தொலைநோக்கிக்கு யுரேனஸின் வளையத்தைக் கண்டுபிடித்ததில் பங்கு உண்டு, தெரியுமா?" என்றேன்.

"கரண்டியில பாத்த மாதிரி வளையமா சார்?"

"கண்ணுக்கே தெரியலடா! 1977 மார்ச் 10-ஆம் தேதி ராத்திரி ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே யுரேனஸ் வந்துச்சு. கிரகம் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நட்சத்திரத்தோட ஒளி சில நொடி மங்கிச்சு. ஏன்?"

அரை நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து கரண்டிக்காரியின் குரல்: "நடுவுல ஏதோ மறைச்சிருக்கு சார்!"

ஆகா! பெரிய விஞ்ஞானிகள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவள் தானாகவே வந்து நின்றுவிட்டாள்.

தென் தமிழகத்துக்கு அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21-இல். நான் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பேன். அவள் எங்கே இருந்தாலும் அன்று வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள், கரண்டியோடு.