எச்சமும் முற்றும்: துப்பாக்கி உரிமைத் தொடரின் இருவகை உரை

ஒரு தொடரின் முற்பகுதி பிற்பகுதியை வரையறுக்குமா, அன்றி அதற்குத் தோற்றுவாயாக மட்டும் நிற்குமா என்னும் வினா உரை கற்றார்க்குப் புதியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ துப்பாக்கிச் சட்டங்கள் நிலைபெறுவதும் நீக்கப்படுவதும் இவ்வினாவின் விடையைப் பற்றியனவாக உள்ளன. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,000-க்கு மேற்பட்டவர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்.

1791இல் ஏற்கப்பெற்ற இரண்டாம் அரசியலமைப்புத் திருத்தம் 27 ஆங்கிலச் சொற்களால் ஆகியது. ஒழுங்குற அமைந்த குடிப்படை சுதந்திர அரசின் காப்புக்கு இன்றியமையாதது என்பது முற்பகுதி; படைக்கலம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்பது பிற்பகுதி. முற்பகுதியின் வினை நம் வினையெச்சம் போல்வது. தமிழில் பெயர்க்கப் புகுவோர் பெரும்பாலும் ‘ஆதலின்’ என்றே பெயர்ப்பர். காரணம் கூறிய அளவானே எல்லையும் கூறியதாகுமா? இடர்ப்பாடு ஈண்டே தொடங்குகின்றது.

வாஷிங்டன் நகரம் 1976இல் கைத்துப்பாக்கிக்கு விதித்த தடையை, ஹெல்லர் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்னும் அளவில் நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பெழுதிய ஸ்கேலியா, முற்பகுதி நோக்கத்தை அறிவித்துத் தெளிவு தருமேயன்றிப் பிற்பகுதியின் எல்லையைச் சுருக்கவோ விரிக்கவோ செய்யாதென்றார். மறுத்தெழுதிய ஸ்டீவன்ஸ், அரசியலமைப்பின் எப்பகுதியும் பயனின்றி நிற்பதாகக் கொள்ளலாகாது என்னும் 1803ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் துணைக்கொண்டார். நன்னூலார் ‘நின்று பயனின்மை’ எனக் குற்றப்படுத்துவதும் இதனையே.

‘படைக்கலம் தாங்குதல்’ என்பதிலும் இருவரும் மாறுபட்டனர். ஸ்கேலியா சொற்பொருள் பிரித்து, ஏந்திச் செல்லுதல் என்றார். ஸ்டீவன்ஸ் படைத்தொழில் பூணுதலைக் குறிக்கும் மரபுத்தொடர் என்றார். ‘கால்கொள்ளுதல்’ என்பதனைக் காலெனவும் கொள்ளுதலெனவும் பிரித்துப் பொருள் காண்பார்க்குத் தொடங்குதல் என்னும் பொருள் கிட்டாது. தொடர்ப்பொருளளவில் ஸ்டீவன்ஸ் உரையே வலிது என்பது என் கருத்து. எனினும் ‘வைத்திருத்தல்’ என்னும் சொல்லுக்கு அவர் தரும் விளக்கம் வலிந்து கொண்டதாகவே தோன்றுகின்றது.

அவ்வழக்கிற்கு முன் 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், இரண்டாவது காற்புள்ளியே தொடரை இருகூறாக்குகின்றது என்றது. பேராயம் நிறைவேற்றிய படியில் காற்புள்ளி மூன்று. வேறு படிகளில் ஒன்றே. ஏடு ஒப்புநோக்கிப் பழகிய நம்மனோர் இவ்வாதத்தைப் பெரிதாகக் கொள்ளார்.

கட்டுப்பாடு வேண்டாதார் ஹெல்லர் தீர்ப்பை அரணாகக் காட்டுவர். இவ்வுரிமை வரம்பற்றதன்று என அத்தீர்ப்பே கூறுகின்றது. பெருங்குற்றம் புரிந்தோர், மனநோயாளர் ஆகியோர் துப்பாக்கி வைத்திருத்தலையும், பள்ளி, அரசு மனை ஆகியவற்றுள் கொண்டு செல்லுதலையும் தடுக்கும் நெடுங்காலச் சட்டங்களை அஃது ஐயுறவில்லை. இவ்வுரைப்பகுதியை விடுத்துப் பேசுதல் முறையன்று.

2022இல் ப்ரூவன் வழக்கில் தீர்ப்பெழுதிய தாமஸ், துப்பாக்கிச் சட்டம் ஒவ்வொன்றும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருத்தல் வேண்டுமென அளவை வகுத்தார். 2024இல் ரஹிமி வழக்கில், இல்லத்து வன்முறை காரணமாக நீதிமன்றத் தடையாணைக்குட்பட்டார் துப்பாக்கி வைத்திருத்தலை விலக்கும் சட்டம் அவ்வளவைக்கு ஒத்ததே என எண்மர் கண்டனர். ஒவ்வாதென மறுத்தவர் ஒருவரே. அவர் அளவையை வகுத்த தாமஸ்.