காய்ச்சலைக் கண்டது யார்?

மொழிபெயர்ப்பை ரசிப்பது என்றதும் கவிதையும் நாவலும்தான் நினைவுக்கு வரும். மருத்துவ அறிக்கையை ரசிக்கலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மொழிபெயர்ப்பாளரின் கைவண்ணத்தை மிக அருகில் நின்று பார்க்க ஆசைப்படுபவருக்கு நான் காட்டுவது, ஜப்பானிய மருத்துவர் எழுதிய நோயாளிக் குறிப்பு ஆங்கிலமாக மாறும் இடத்தைத்தான். அதை ரசிக்கத் தமிழ் வாசகருக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் அந்த வசதி கைகொடுக்கும்.

ஜப்பானிய மருத்துவமனைகளில் அன்றாடம் எழுதப்படும் வகையில் ஒரு மாதிரி வாக்கியத்தை, சொற்களின் வரிசை மாறாமல் தமிழில் தருகிறேன்: “இரண்டு நாள் முன்பிருந்து காய்ச்சல் கண்டு, பக்கத்து டாக்டரிடம் காட்டி, ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டும் குணம் தெரியாமல், விரிவான பரிசோதனைக்கும் சிகிச்சைக்குமாக இந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு அட்மிஷன் ஆனது.”

தமிழில் இது அப்படியே நிற்கிறது. எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முற்றுவினை கடைசியில் அமர்கிறது. காய்ச்சல் யாருக்கு என்று எங்கேயும் சொல்லவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆங்கிலம் உடனே கேட்கும். அவரா, அவளா? இரண்டு நாள் என்பது எதிலிருந்து? மருந்து கொடுத்தது யார்? அறிக்கையின் தொடக்கத்தில் ‘65 வயது, பெண்’ என்று இரண்டே பெயர்ச்சொற்களில் ஒரு வரி இருக்கும். அதோடு சரி, பிறகு அந்தப் பெண் எந்த வாக்கியத்திலும் எழுவாயாகத் தலைகாட்டாமலே பக்கங்கள் ஓடிவிடும். மொழிபெயர்ப்பாளர் அவரை ஒவ்வொரு இடத்திலும் தேடிப் பிடித்து உட்காரவைக்க வேண்டும்.

ரசனையை இங்கே தொடங்குங்கள். நீண்ட வாக்கியம் எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘கொடுக்கப்பட்டும்’ என்பதில் உள்ள ‘உம்’தான் இந்த வாக்கியத்தின் உயிர். அந்த ஓர் இடைச்சொல்லுக்காகத்தான் நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்து கொடுத்தார்கள் என்று ஒரு வாக்கியம், குணமாகவில்லை என்று இன்னொரு வாக்கியம் என அங்கே வெட்டினால் காரணம் அறுந்துபோகும். தேர்ந்தவர் அந்த மூட்டைத் தொடமாட்டார். அதற்கு முன்பும் பின்பும் வெட்டுவார். குணம் தெரியாதது எதில், காய்ச்சலிலா பொதுவான உடல்நிலையிலா என்று மூலம் சொல்லவில்லை. அவசரக்காரர் ‘காய்ச்சல் தணியவில்லை’ என்று எழுதி மூலத்தில் இல்லாத செய்தியைச் சேர்த்துவிடுவார். நிதானமானவர் ‘முன்னேற்றமில்லை’ என்று பொதுவாகவே விட்டுவைப்பார். நான் மிகவும் மதிப்பது இந்த அடக்கத்தை.

‘காய்ச்சல் கண்டு’ என்ற இடத்தில் ஜப்பானியர் எழுதும் வினை ‘மிதோமேரு’. அகராதியில் அதற்கு அங்கீகரிப்பது, ஒப்புக்கொள்வது என்றெல்லாம் பொருள் இருக்கும். புதிதாக வந்தவர் அதை நம்பி, நோயாளி காய்ச்சலை ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவதுண்டு. மருத்துவ எழுத்தில் அதற்கு ‘தென்பட்டது, இருந்தது’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. காய்ச்சல் கண்டது என்று நாம் சொல்லும்போது கண்டவர் யார் என்று கேட்கமாட்டோமே, அதே போல.

அடுத்து நிச்சயத்தின் அளவைக் கவனியுங்கள். இந்தக் கலையின் மிக நுட்பமான பகுதி இதுதான். பிழை நேர்ந்தால் ஆபத்து அதிகமான பகுதியும் இதுதான். ‘உதகாய்’ என்பது சந்தேகம். ‘நிமோனியா உதகாய்’ என்றால், நிமோனியாவாக இருக்கலாம் என்று டாக்டர் நினைக்கிறார். ‘டெங்கு சந்தேகம்’ என்று நம் டாக்டர் சீட்டில் எழுதினால் என்ன பொருளோ அதேதான். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு கதவுகள். ‘சஸ்பெக்ட்’ என்றால் இருக்கும் என்ற ஐயம். ‘டவுட்’ என்றால் இருக்காது என்ற ஐயம். கதவு மாறினால் நோயாளிக்கு நிமோனியா இல்லை என்று ஆகிவிடும். இங்கே தமிழ் நமக்குத் துணை நிற்கிறது.

இன்னோர் இடத்தில் அதே தமிழ் நம்மை ஏமாற்றும். மருந்தின் பக்கவிளைவு அறிக்கைகளில் ‘ஹிதேய் தெகினாய்’ என்ற தொடர் அடிக்கடி வரும். சொல்லுக்குச் சொல் ‘மறுக்க முடியாது’. தமிழில் மறுக்க முடியாது என்றால் அது உறுதியான உண்மை. நேரடியாக ஆங்கிலத்தில் வைத்தாலும் அந்த உறுதியே தொனிக்கும். ஜப்பானிய அறிக்கை சொல்வது அவ்வளவு பலமானதல்ல. அந்த மருந்துக்கும் இந்தத் தோல் தடிப்புக்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிட முடியவில்லை, அவ்வளவுதான். பழகிய மொழிபெயர்ப்பாளர் ‘ரூல்டு அவுட்’ என்ற ஆங்கிலத் தொடரைக் கொண்டுவந்து, தொடர்பை விலக்க இயலவில்லை என்று பலவீனத்தைப் பலவீனமாகவே கடத்துவார். சந்தேகிக்கப்படுகிறது, சுட்டுகிறது, கருதப்படுகிறது, விலக்க இயலவில்லை என்று ஜப்பானிய மருத்துவர் பல படிகள் வைத்திருக்கிறார். ஒரு படி ஏற்றாமலும் இறக்காமலும் ஆங்கிலத்தில் வைத்திருந்தால், அந்தப் பக்கத்துக்காக மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கலாம்.

‘கேய்க்காய்’ என்ற சொல்லும் இந்த வகைதான். அதன் இரண்டு எழுத்துகளுக்கும் இலேசு, இதம் என்று பொருள். அன்றாடப் பேச்சில் துள்ளலான நடைக்கும் தாளத்துக்கும் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் அது ‘நோய் தணிந்திருக்கிறது, இன்னும் முழுக்கக் குணமாகவில்லை’ என்பதைக் குறிக்கும். முழுக் குணத்துக்குக் ‘காய்ஃபுக்கு’ என்று வேறு சொல் உண்டு. பக்கவிளைவுப் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன.

டாக்டரின் நடையிலிருந்து நோயாளியின் வாய்மொழிக்கு வந்தால் காட்சியே வேறு. தலை ‘ஸுக்கி ஸுக்கி’ என்கிறது, வயிறு ‘கிரி கிரி’ என்கிறது, தோல் ‘ஹிரி ஹிரி’ என்கிறது. நமக்கு விளக்கம் வேண்டுமா? விண்விண் என்று தெறிக்கிறது, சுருக் சுருக்கென்று குத்துகிறது, திகுதிகுவென்று எரிகிறது என்று வலியை ஓசையால் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆங்கிலத்தில் வலிக்கு இப்படி ஓசை கிடையாது. துடிக்கும், துளைக்கும், எரியும் என்று பெயரடைகளாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. 1975இல் ரொனால்டு மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல் அத்தகைய சொற்களின் தொகுப்புதான். ஜப்பானிய ஓசைச் சொல் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளர் எந்தப் பெயரடையைத் தேர்ந்தார் என்று பாருங்கள். வலியின் விட்டுவிட்டு வரும் தன்மை தப்பிப் பிழைத்ததா, கூர்மை மட்டும் வந்து தாளம் போய்விட்டதா என்பது உங்களுக்கே கேட்கும்.

ஜப்பானிய மருத்துவச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு தெரிந்தால் சுவை கூடும். 1771இல் எடோ நகரில், இன்றைய தோக்கியோவில், கொலைத் தண்டனைக் களத்தில் நடந்த உடற்கூறு ஆய்வைப் பார்க்க சுகிதா கென்பாக்கு, மாயெனோ ரியோதாக்கு உள்ளிட்ட மருத்துவர்கள் போனார்கள். இருவர் கையிலும் ஒரே டச்சு நூல். ஜெர்மானியரான குல்முஸ் எழுதிய உடற்கூற்றுப் படங்களின் டச்சு வடிவம். கண்முன் திறந்து கிடந்த உடலோடு அந்தப் படங்கள் அச்சு அசலாகப் பொருந்தின. இதை மொழிபெயர்த்தே தீருவது என்று முடிவெடுத்தார்கள். அகராதியென்று சொல்லத்தக்க ஒன்று கையில் இல்லை. ரியோதாக்குவுக்கு மட்டும் கொஞ்சம் டச்சு தெரியும். 1774இல் ‘காய்தாய் ஷின்ஷோ’ வெளிவந்தது. மூன்று வழிகளில் மொழிபெயர்த்ததாக நூலின் முன்குறிப்பே சொல்கிறது: வழக்கில் சொல் இருந்தால் அதையே எடுப்பது, இல்லாவிட்டால் பொருளை வைத்துப் புதிதாக ஆக்குவது, அதுவும் முடியாவிட்டால் ஒலியை அப்படியே எழுதுவது. நரம்புக்கான ‘ஷின்கேய்’ என்ற சொல் அங்கே பிறந்தது. சுரப்பிக்குச் சொல் அகப்படாமல் டச்சு ஒலியையே எழுதினார்கள். பிறகு உதகாவா கென்ஷின் தசைக் குறியோடு ஊற்று என்ற எழுத்தைச் சேர்த்துச் சுரப்பிக்கு ஒரு புது எழுத்தையே படைத்தார். அந்த எழுத்து சீனத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று ஆங்கிலத்துக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர் அவர்கள் நடந்த பாதையில் எதிர்த்திசையில் வருகிறார். ‘மென்மையான எலும்பு’ என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருப்பதை லத்தீன் வேருள்ள ‘கார்ட்டிலேஜ்’ ஆக்க வேண்டியிருக்கிறது.

1870 வாக்கில் மெய்ஜி அரசு ஜெர்மன் மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டதால் டாக்டர்களின் பேச்சில் ஜெர்மனும் கலந்தது. நோயாளியிடம் நிலைமையை எடுத்துச் சொல்வதை ‘முன்தெரா’ என்பார்கள். வாய், சிகிச்சை என்ற இரண்டு ஜெர்மன் சொற்களை ஒட்டி ஜப்பானியரே செய்த சொல் அது. வாய்க்குச் சிகிச்சை என்று மொழிபெயர்த்தால் பல் டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆங்கிலத்தில் கரைந்தே போய்விடும் மாற்றங்களும் உண்டு. முதுமையில் நினைவும் அறிவும் மங்கும் நோய்க்கு இருந்த பழைய பெயரில் மந்தம், அசடு என்ற பொருள் கலந்திருந்தது. அது நோயாளியை இழிவுபடுத்துகிறது என்று 2004இல் ஜப்பானிய அரசு அதை மாற்றியது. பழைய அறிக்கையும் புதிய அறிக்கையும் ஆங்கிலத்தில் ஒரே ‘டிமென்ஷியா’தான். ஒரு சமூகம் தன் முதியவர்களுக்காக எடுத்துக்கொண்ட அக்கறை அங்கே தெரியாமல் போவதில் எனக்கு வருத்தம் உண்டு.

பழகிப் பார்க்க விரும்பினால் 1999இல் தொடங்கிய ஜே-ஸ்டேஜ் என்ற ஜப்பானிய ஆய்விதழ்த் தளத்துக்குப் போகலாம். ஜப்பானிய மொழியில் வரும் பல மருத்துவக் கட்டுரைகளுக்கு அங்கே ஆங்கிலச் சுருக்கமும் இருக்கும். ஜப்பானியம் படிக்கும் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகக் கடைசி வாக்கியத்துக்குப் போங்கள். பெரும்பாலும் அது ‘கங்காயெராரெதா’ என்பதைப் போன்ற ஒரு வினையில் முடியும்: கருதப்பட்டது. கருதியவர் கட்டுரையை எழுதிய டாக்டர்தான். அடக்கம் கருதித் தன்னை மறைத்திருக்கிறார். ஆங்கிலத்திலும் ‘கருதப்பட்டது’ என்றே வைத்தால், முன்பு அப்படி நினைத்தார்கள், இப்போது இல்லை என்ற தொனி வந்துவிடும். ‘நாங்கள் கருதுகிறோம்’ என்று திருப்பியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் அந்த டாக்டரை வெளியே அழைத்து வந்திருக்கிறார். ‘நிரூபித்தோம்’ என்று இருந்தால், அந்தச் சுருக்கத்தின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.