சாதிக்காய்க் கம்பத்தில் எத்தனை மாடுகள்?

கம்போங் புவா பாலாவைப் பற்றி நாவல் எழுதலாம் என்று இன்று ஒருவர் உட்கார்ந்தால் அவர் கையில் என்ன இருக்கும்? பினாங்கு கெலுகோரில் இருந்த அந்தத் தமிழ்க் குடியிருப்பு 2009 செப்டம்பரில் இடித்துத் தள்ளப்பட்டது. வலைப்பூக்கள் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. ஆளாளுக்கு எழுதினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட்டார். அவற்றில் மிஞ்சியதை அண்மையில் தேடித் தேடி வாசித்தேன். கோபம் நிறையக் கிடைத்தது. கம்பம் கிடைக்கவில்லை.

புவா பாலா என்றால் சாதிக்காய். பிரவுன் குடும்பத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே ஆடுமாடு வளர்த்து வாழ்ந்தார்கள். மாட்டுப்பண்ணையில் நடக்கும் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரால் அந்த இடத்துக்கு ‘ஹை சப்பரல்’ என்றும் பெயர். தோட்டப் பாட்டாளியின் பேரன் கௌபாய்க் கதையிலிருந்து தன் கம்பத்துக்குப் பெயர் எடுக்கிறான். இதிலேயே பாதிச் சிறுகதை இருக்கிறது! நான் வாசித்த தமிழ்ப் பதிவுகளில் அது வெறும் அடைமொழியாக வந்து போகிறது. அந்தப் பெயரை முதலில் சொன்னது யார்? பால் எந்தெந்த வீட்டுக்குப் போனது? மொத்தம் எத்தனை மாடு? வீடு போன பிறகு அதெல்லாம் எங்க போச்சு? யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ‘இருநூறு ஆண்டுப் பாரம்பரியம்’ என்ற சொற்றொடர் பதிவுக்குப் பதிவு தாவிக்கொண்டே இருக்கிறது. பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியதே 1786இல்தான். அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கலாம். ஆனால் யார் போட்ட கணக்கு என்று ஒரு பதிவர் இன்னொருவரைக் கேட்ட தடயமே இல்லை.

எனக்குக் குறையாகப் படுவது இதுதான். நம் பதிவர்கள் ஒன்றுசேரவில்லை என்று சொல்ல முடியாது, சேர்ந்தார்கள். எதற்காகச் சேர்ந்தார்கள், எப்படிச் சேர்ந்தார்கள் என்பதில்தான் கோளாறு.

2007 ஜனவரியில் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனம் ஜெஃப் ஊய், அஹிருடின் அத்தான் என்ற இரண்டு வலைப்பதிவர்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டது. அதன் சூட்டில் அந்த ஆண்டே ஆல்-பிளாக்ஸ் என்ற தேசியக் கூட்டணி பிறந்தது. எழுதும் உரிமையைக் காக்க அது அவசியப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது தற்காப்புக்கான கூட்டு. சேர்ந்து செய்தி சேகரிப்பது அதன் வேலையாக இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜெஃப் ஊய் ஜெலுத்தோங்கில் வென்று நாடாளுமன்றம் போய்விட்டார்.

தமிழில் நடந்தது வேறு. நமக்குக் கூட்டு என்றால் திரட்டி. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் உலகத் தமிழ்ப் பதிவுகளை ஒரே பக்கத்தில் வரிசைகட்டி நிறுத்தியது. திருமன்றில் மலேசியப் பதிவுகளைத் திரட்டியது. இவை இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பதிவர்களை ஊரைத் தாண்டி யாருக்கும் தெரிந்திருக்காது. என்றாலும் திரட்டியின் குணத்தைக் கவனியுங்கள். புதியது மேலே வரும், பழையது கீழே இறங்கும். கம்பத்துச் செய்திக்கு மேலே ஒரு சினிமா விமர்சனம், கீழே ஒரு ஹைக்கூ. அடுத்தடுத்து நின்றார்கள், அவ்வளவுதான். ஒருவர் இடத்துக்குப் போய்ப் பார்க்க, இன்னொருவர் நிலப்பத்திரம் தேட, மூன்றாமவர் ‘இது உறுதியா?’ என்று மறித்துக் கேட்க – அந்த மேசையைத் திரட்டியால் போட முடியாது.

அந்த மேசை இல்லாததன் விலை சின்னதல்ல. நிலத்தை அரசு உயரதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது முந்தைய தேசிய முன்னணி மாநில அரசு. பெயர் மாற்றம் நடந்தது 2008 மார்ச்சில், தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு. இந்த இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு தரப்பும் நெளிய வேண்டியிருக்கும். பதிவர்கள் என்ன செய்தார்கள் என்றால், தங்கள் கட்சிக்குத் தோதான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரைத் துரோகி என்றார்கள். கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்ற அந்தக் குடும்பங்கள் இரண்டு பாதிக்கும் நடுவில் நின்றன.

‘வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதுறவன்கிட்ட இவ்வளவு எதிர்பார்க்கலாமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறேன். இதே பினாங்கில் அனில் நெட்டோ ஆங்கிலத்தில் எழுதிவருகிறார். குன்றைச் சரிப்பது, கடலைத் தூர்ப்பது, பேருந்துப் பிரச்சினை என்று அலுக்காமல் ஊரைப் பற்றியே எழுதுகிறார். அவர் சொல்வதோடு எனக்கு எப்போதும் உடன்பாடு கிடையாது. ஆனால் அவருக்குப் பின்னால் 1977இல் இங்கேயே தொடங்கிய அலிரான் இருக்கிறது. கேள்வி கேட்கும் சகாக்கள் இருக்கிறார்கள். தமிழில் இப்படி ஒரு பழக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1883இலேயே குலாம் காதிறு நாவலர் இந்த ஊரிலிருந்து ‘வித்தியா விசாரிணி’ நடத்தினார்.

இப்போது வலைப்பூவும் போய்விட்டது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு புயல்மழையில் தீவு மூழ்கியபோது எல்லாம் புலனக் குழுக்களில்தான் ஓடியது. எனக்கு வந்த குரல்பதிவுகளில் அழுகை இருந்தது, சாமி பெயர் இருந்தது. பல பதிவுகளில் தெருப்பெயரும் நேரமும் இல்லை. கைப்பேசி மாற்றியதோடு அவையும் போயின. வலைப்பூவையாவது பதினைந்து வருடம் கழித்துத் திட்டுவதற்குத் தேடி எடுக்க முடிந்தது.

புவா பாலாவில் வளர்ந்தவர்கள் பலர் இன்னும் இந்தத் தீவில்தான் இருக்கிறார்கள். மாடு கறந்த கைகள் இருக்கின்றன. மூன்று பேர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குறிப்பேட்டோடு போனால், முதலில் அந்த மாடுகளைப் பற்றிக் கேட்கலாம்.